இரண்டு தடவை காது அறுபட்ட வக்கீல்

ஒருத்தருக்கு இரண்டு தடவை காதை அறுக்க முடியுமா? முடியும். முதல் தடவை அறுத்த ஆள் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் போதும். வில்லியம் பிரின் என்ற லண்டன் வக்கீலுக்கு 1634ல் ஒரு தடவை, 1637ல் ஒரு தடவை அறுத்தார்கள். செய்த குற்றம்? எழுதினது. அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு ராத்திரி ரிலீஸ். டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் ஓடி முடிய மூணு மணி நேரம் ஆகும், அதுவரை ஆபீஸை விட்டு நகரக்கூடாது. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் துண்டுப் பிரசுரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்கிரிப்ட் முடிந்து, ரிலீஸ் முடிந்து, விடிந்தும் விட்டது. நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது இஞ்சினியரிங். சரித்திரத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாங்கிளாஸோடு சரி. அதனால் புரொபசர் லெவலில் எதுவும் எதிர்பார்க்காதீங்க. என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் காலத்துப் பிரசுரம் என்றால் என்னன்னு பார்த்துடலாம். ஒரு பெரிய தாள். அதை இரண்டு தடவை மடித்தால் நாலு இலை, எட்டுப் பக்கம். அட்டை கிடையாது, பைண்டிங் கிடையாது, ஓரத்தில் ஊசி நூலால் ஒரு தையல். ஒரு தாள் பிரசுரத்தின் விலை ஒரு பென்னி போல. கூலிவேலை செய்பவரும் நினைத்தால் வாங்கலாம். கையால் இழுக்கும் அச்சு இயந்திரம், இரண்டு ஆள், ஈய எழுத்து. இன்றைக்கு எழுதினால் இரண்டு மூணு நாளில் ஆயிரம் பிரதி தெருவில் இருக்கும். அடுத்த வாரம் அதற்கு மறுப்பு வரும். அதற்கு அடுத்த வாரம் மறுப்புக்கு மறுப்பு. கேட்ட மாதிரி இருக்கா? :-)

சண்டை எதைப் பற்றி? பெரும்பாலும் மதம். ஆனால் அங்கே மதம் வேறு அரசியல் வேறு கிடையாது. எட்டாம் ஹென்றி போப்போடு முறித்துக்கொண்டதிலிருந்து இங்கிலாந்து சர்ச்சுக்குத் தலை ராஜாதான். பிஷப்புகளை நியமிப்பதும் ராஜாதான். பிஷப்புகள் பிரபுக்கள் சபையிலும் உட்காருவார்கள். பைபிளில் பிஷப் என்ற பதவி இந்த மாதிரி இல்லையே என்று ஒருத்தர் கேட்டால், அது பக்தி விசாரணை மாதிரி தோன்றும். ஆனால் அரண்மனையில் அது ராஜதுரோகம் மாதிரி கேட்கும். பிஷப் போனால் ராஜாவும் போவான் என்று முதலாம் ஜேம்ஸ் 1604லேயே சொல்லிவிட்டார். மனுஷன் சொன்னது அவர் மகன் காலத்தில் அப்படியே நடந்தது.

இந்தக் கதை பிரினுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1579ல் எலிசபெத் ராணி பிரான்ஸ் நாட்டு ஆஞ்சூ பிரபுவைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளை கத்தோலிக்கர். இது நாட்டை விழுங்கும் பள்ளம் என்று ஜான் ஸ்டப்ஸ் ஒரு பிரசுரம் போட்டார். ராணிக்குக் கோபம் வந்தது. எழுதிய வலது கையை வெட்டச் சொல்லி தீர்ப்பு. மணிக்கட்டில் கத்தியை வைத்து சுத்தியலால் அடித்து வெட்டினார்கள். ஸ்டப்ஸ் இடது கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் ராணியைக் காப்பாற்றட்டும் என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார். கூட்டம் கப்சிப். எந்த ராணி கையை வெட்டினாளோ அவளுக்கே வாழ்த்து! இதைப் பயம் என்று சொல்வதா, விசுவாசம் என்று சொல்வதா, இன்னும் எனக்குப் பிடிபடலை.

அடுத்து வந்தவர் அப்படி மாட்டிக்கொள்ளவே இல்லை. 1588-89ல் மார்ட்டின் மார்ப்ரலேட் என்ற பெயரில் ஏழு பிரசுரங்கள் வந்தன. பிஷப்பைக் கெடுப்பவன் என்று பொருள் வரும் புனைபெயர். நம்ம பாஷையில் அனானி. அதுவரை மத விவாதம் என்றால் லத்தீன் மேற்கோளும் கொட்டாவியும்தான். மார்ட்டின் தெருப்பேச்சில் எழுதினார், பிஷப்புகளைப் பெயர் சொல்லிக் கலாய்த்தார். எங்கே அச்சானது என்று போட வேண்டிய இடத்தில், ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு கொழுத்த பாதிரியார் வீட்டுக்குப் பக்கத்தில் என்கிற மாதிரி நக்கல். தாமஸ் கூப்பர் என்ற பிஷப் சீரியஸாகப் பெரிய பதில் எழுதினார். கூப்பர் என்றால் பீப்பாய் செய்பவர் என்றும் அர்த்தம். பீப்பாய் ரிப்பேர் இருக்கா என்று தெருவில் கூவிப் போகிறவனின் கூவலையே அடுத்த பிரசுரத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார் மார்ட்டின். மனுஷன் என்ன பண்ணுவார் பாவம்!

அச்சு இயந்திரத்தை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக ஒளித்துக்கொண்டே போனார்கள். வாரிங்டன் என்ற ஊரில் இறக்கும்போது சில ஈய எழுத்துகள் கீழே கொட்டிவிட்டன. வேடிக்கை பார்த்தவர்கள் என்னய்யா இதுன்னு கேட்க, துப்பாக்கி ரவை என்று சொல்லிச் சமாளித்தார் அச்சுக்காரர். எழுத்தைவிட ரவை ஆபத்தில்லாத சரக்காக இருந்த காலம்! கொஞ்ச நாளில் மான்செஸ்டர் பக்கத்தில் அச்சோடு பிடிபட்டார்கள். மார்ட்டின் யார் என்று கோர்ட்டில் நிரூபிக்கவே முடியவில்லை. ஜாப் திராக்மார்ட்டன் என்பவராக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சம்பந்தப்பட்ட ஜான் பென்றியை மட்டும் 1593ல் வேறு எழுத்துகளைக் காரணம் காட்டித் தூக்கில் போட்டார்கள்.

சரி, நம்ம வக்கீலுக்கு வருவோம்.

பிரின் ஒரு ப்யூரிட்டன். நாடகம் பாவம், நடனம் பாவம், ஆம்பளை நீளமாக முடி வளர்ப்பது பாவம். 1632 கடைசியில் நாடகங்களைத் திட்டி ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு புஸ்தகம் போட்டார். அதன் பொருளடைவில் நடிக்கும் பெண்களை வேசிகள் என்று ஒரு வரி. அதே சமயத்தில் முதலாம் சார்லஸின் மனைவி ஹென்ரியட்டா மரியா ராணி அரண்மனை நாடகம் ஒன்றில் நடித்தார். டைமிங் அப்படி. பிரினை ஸ்டார் சேம்பர் என்ற கோர்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே ஜூரி கிடையாது. 5,000 பவுன் அபராதம், ஆயுள் சிறை, வக்கீல் தொழில் பறிப்பு, ஆக்ஸ்ஃபோர்ட் பட்டம் பறிப்பு, கூடவே காது.

ஜெயிலுக்குள்ளிருந்தும் எழுதினார், அது வெளியே கடத்தப்பட்டு அச்சானது. இந்த முறை குறி பிஷப்புகள், அவர்களுக்கெல்லாம் தலைவரான ஆர்ச்பிஷப் வில்லியம் லாட். 1637ல் மறுபடி ஸ்டார் சேம்பர். கூட ஹென்றி பர்ட்டன் என்ற பாதிரியாரும் ஜான் பாஸ்ட்விக் என்ற டாக்டரும். விசாரணையின்போது தலைமை நீதிபதி ஃபிஞ்ச், பிரினுக்குக் காது இல்லையென்றல்லவா நினைத்தேன் என்றாராம். முடியை விலக்கிப் பார்த்தால் அடிக்காது மிச்சம். சரி, அதையும் எடு.

ஜூன் 30. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை முற்றம். கழுத்தையும் கையையும் பலகையில் மாட்டி நிற்க வைத்தார்கள். அரசாங்கம் எதிர்பார்த்தது கல்லும் அழுகின முட்டையும். ஜனங்கள் கொண்டுவந்து போட்டது பூவும் வாசனைத் தழையும். பிரினுக்குக் காதோடு சேர்த்துக் கன்னத்தில் எஸ், எல் என்று இரண்டு எழுத்து சூடு. ராஜதுரோக அவதூறுக்காரன் என்று அர்த்தம். திரும்பிப் போகும்போது பிரின் அதற்கு லத்தீனில் வேறு விரிவு சொன்னார்: லாட் வைத்த தழும்புகள். கன்னம் வெந்துகொண்டிருக்கும்போது சிலேடை! அதற்குப் பிறகு மூணு பேரையும் தூர தேசத்துக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். பிரின் போனது ஜெர்ஸி தீவில் மோன்ட் ஆர்கெய் கோட்டை. இந்தக் கோட்டையை ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்த இடத்தில் இன்னொரு ஆள் உள்ளே வருகிறார். ஜான் லில்பர்ன். இருபது வயதைத் தாண்டிய, லண்டனில் ஜவுளி வியாபாரியிடம் தொழில் பழகின பையன். பாஸ்ட்விக்கின் பிரசுரங்களை ஹாலந்திலிருந்து கடத்திக் கொண்டுவந்ததாக 1637 டிசம்பரில் பிடிபட்டார். ஸ்டார் சேம்பரில், கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மை சொல்வேன் என்று முதலில் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். என் வாயாலேயே என்னை மாட்டிவிடப் பார்க்கிறீங்க, பண்ண மாட்டேன் என்றார் பையன். 1638 ஏப்ரலில் வண்டியின் பின்னால் கட்டி, ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை சாட்டையால் அடித்துக்கொண்டே கூட்டிப் போனார்கள். பலகையில் மாட்டின பிறகும் வாய் ஓயவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் ஒளித்திருந்த பிரசுரங்களை எடுத்துக் கூட்டத்தில் வீசினார். கடைசியில் வாயில் துணி அடைத்தார்கள். (அமெரிக்க சினிமாவில் போலீஸ் கைது பண்ணும்போது பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று சொல்வாங்களே, அந்த 1966 மிராண்டா தீர்ப்பில் லில்பர்ன் வழக்கு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது.)

பாஸ்ட்விக்கின் எழுத்துக்காக முதுகுத் தோல் உரிந்தவர் லில்பர்ன். பாஸ்ட்விக்கும் பிரினும் ஒரே மேடையில் காதை இழந்தவர்கள். மூணு பேரும் ஒரே கட்சி. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

1640ல் காற்று திரும்பியது. ஸ்காட்லாந்துச் சண்டையில் பணமில்லாமல் சார்லஸ் பார்லிமெண்டைக் கூட்டினார், பார்லிமெண்ட் இவர்களை விடுதலை செய்தது. நவம்பர் கடைசியில் பிரினும் பர்ட்டனும் லண்டனுக்குள் வந்தபோது தொப்பியில் ரோஸ்மேரி செருகிய கூட்டம் ஊர்வலமாகக் கூட்டி வந்தது. 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பர் ஒழிந்தது. அதோடு அச்சுக்கு இருந்த கடிவாளமும் போச்சு. அதுவரை சட்டப்படி லண்டனில் இருபது அச்சகத்தாருக்குத்தான் அனுமதி. இப்போது யார் வேண்டுமானாலும்! ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தகக் கடைக்காரர் அன்றன்றைக்கு வந்ததை வாங்கி வைத்தார். 1641ல் அவர் கையில் சேர்ந்தது சுமார் 700. 1642ல் கிட்டத்தட்ட 2,000. இவரிடம் பிறகு வருகிறேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சு சுதந்திரம் வந்தவுடன் உண்மை ஜெயித்தது என்று நினைக்காதீங்க. 1641 அக்டோபரில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் கலகம் செய்தார்கள். புராட்டஸ்டண்ட் குடியேறிகள் கொல்லப்பட்டது உண்மை. நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் நாலாயிரத்தை ஒட்டி இருக்கலாம் என்று இன்றைய கணக்கு. வீட்டைவிட்டு விரட்டப்பட்டுக் குளிரிலும் பசியிலும் செத்தவர்கள் அதற்கு மேலும் ஆயிரக்கணக்கில். கொடுமைதான். ஆனால் லண்டன் பிரசுரங்களில் அது லட்சம், இரண்டு லட்சம் என்று ஏறிக்கொண்டே போனது. அல்ஸ்டரில் அத்தனை குடியேறிகளே கிடையாது! ஈட்டியில் குழந்தை, கருவைக் கிழித்தல் என்று மரக்கட்டைப் படங்கள் வேறு. எட்டு வருஷம் கழித்து 1649ல் கிராம்வெல் டிரொஹீடா நகரில் படுகொலை நடத்திவிட்டு, அப்பாவி ரத்தத்துக்குப் பழி என்று எழுதினார். செத்தவர்களில் நிறைய பேருக்கு 1641 கலகத்தோடு சம்பந்தமே இல்லை. ஒரு பென்னி பிரசுரத்தின் பில் அங்கே போய் வசூலானது.

சரி, பார்லிமெண்ட் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. காது போனவர்கள் ஆட்சிப் பக்கம் வந்தாச்சு. என்ன செய்தார்கள்? 1643 ஜூனில் பார்லிமெண்டே மறுபடியும் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் எதையும் அச்சடிக்கக்கூடாது. ஆள்தான் மாறினது, வேலை அதேதான். 1644ல் ரோஜர் வில்லியம்ஸ் எல்லா மதத்தாருக்கும் மனசாட்சி உரிமை வேண்டும் என்று எழுதிய புஸ்தகத்தை எரிக்க உத்தரவு போட்டதும் இதே காமன்ஸ் சபைதான். அதே வருஷம் நவம்பரில் மில்டன் லைசென்ஸை எதிர்த்து அரியோபஜிட்டிகா எழுதினார், அதையும் லைசென்ஸ் இல்லாமலே அச்சடித்தார். பேச்சு சுதந்திரம் என்றால் இன்றும் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதிலேயே கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டார். அதைவிட, 1651ல் கிராம்வெல் தரப்பின் செய்தித்தாள் ஒன்றுக்கு லைசென்ஸ் தரும் அதிகாரி வேலையை அவரே பார்த்தார். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை, ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிரின் இன்னும் ஒரு படி மேலே. 1643 மே மாசம் விடியற்காலையில் சிப்பாய்களோடு டவர் சிறைக்குப் போய், அங்கே கைதியாக இருந்த லாட்டின் அறையைச் சோதனை போட்டார். கிழவரின் பாக்கெட்டைக்கூட விடவில்லை. சொந்த டைரியை எடுத்துக்கொண்டு போய், தனக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டி அச்சடித்துவிட்டார். லாட் மீதான வழக்குக்குச் சாட்சியம் சேர்த்தவரும் பிரின்தான். 1645 ஜனவரி 10ஆம் தேதி லாட்டின் தலை போனது. காதுக்குத் தலை.

அதே ஜனவரியில்தான் லில்பர்ன் பிரினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் அச்சடித்தார். பிரின் அப்போது ஒரே தேசத்துக்கு ஒரே சர்ச், பார்லிமெண்ட் சொல்வதுதான் அதன் சட்டம், விலகிப் போகிறவர்களை அடக்கு என்று எழுதிக்கொண்டிருந்தார். லில்பர்ன் கேட்டது சிம்பிள். அச்சை உங்கள் பக்கம் பூட்டி வைத்துக்கொண்டு, எங்கள் கையைப் பின்னால் கட்டிவிட்டு, சண்டைக்கு வா என்றால் நியாயமா? நீங்கள் பட்டதை மறந்துவிட்டீர்களா?

பிரின் என்ன பதில் சொன்னார் தெரியுமா? பார்லிமெண்ட் கமிட்டியில் லில்பர்னை மாட்டிவிட்டார். பொய்யன் என்று தலைப்பிலேயே திட்டித் தனிப் பிரசுரம் போட்டார். ஜூலையில், சபாநாயகரைப் பற்றி லில்பர்ன் தப்பாகப் பேசினார் என்று புகார் போய் அவர் கைதானார். புகார் கொடுத்தவர்களில் ஒருவர் யார்? டாக்டர் பாஸ்ட்விக். எந்த பாஸ்ட்விக்கின் எழுத்தைக் கொண்டுவந்ததற்காகச் சாட்டையடி வாங்கினாரோ, அதே பாஸ்ட்விக்.

ராத்திரி மூணு மணிக்கு இந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். துரோகம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பிரினைப் படிக்கப் படிக்க, அவர் மாறினதாகத் தெரியவில்லை. அவர் என்றைக்குமே பேச்சு சுதந்திரம் கேட்கவில்லை. உண்மைக்குச் சுதந்திரம் கேட்டார், அந்த உண்மை தன்னிடம் இருக்கிறது என்று நம்பினார். காது போனது அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கியது. தழும்பே சாட்சி ஆகிவிட்டது. அதனால்தான் மேடையில் நின்ற அன்று காட்டிய தைரியத்தை என்னால் குறைத்துப் பேச முடியலை. அதே தைரியத்தோடுதான் மற்றவன் வாயை அடைத்தார்.

அதே 1645ல் ரிச்சர்ட் ஓவர்டன் என்பவர் திருட்டு அச்சகத்தில் புது ஆட்சியைக் கலாய்த்துப் பிரசுரம் போட்டார். கையெழுத்து என்ன தெரியுமா? பழைய மார்ட்டினின் மகன்! ஐம்பத்தாறு வருஷம் கழித்து அனானி திரும்பி வந்துவிட்டார்.

மிச்சக் கதையைச் சுருக்கிடறேன். 1648 டிசம்பரில் ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்து பிடிக்காத உறுப்பினர்களை வெளியேற்றியதில் பிரினும் போனார். ராஜாவைக் கொல்லாதே என்று எழுதினார். கிராம்வெல் ஆட்களைத் திட்டி எழுதினார். 1650லிருந்து கிட்டத்தட்ட மூணு வருஷம் விசாரணையே இல்லாமல் சிறை. லில்பர்னையும் கிராம்வெல் விடவில்லை. 1649ல் ராஜதுரோக வழக்கு, ஜூரி விடுதலை செய்தது. 1653ல் மறுபடி வழக்கு, மறுபடி விடுதலை. ஆனாலும் வெளியே விடாமல் ஒரு தீவுக் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஜெர்ஸி, மோன்ட் ஆர்கெய். பிரின் இருந்த அதே கோட்டை. 1657ல் குவேக்கராகச் செத்தார் லில்பர்ன். பிரின் 1660ல் ராஜா திரும்பி வரப் பாடுபட்டார். இரண்டாம் சார்லஸ் அவருக்கு டவரில் ஆவணக் காப்பாளர் வேலை கொடுத்தார், ஒரு காலத்தில் கைதியாக இருந்த இடத்திலேயே. அப்பவும் கை சும்மா இல்லை, 1661ல் ஒரு பிரசுரத்துக்காகக் காமன்ஸ் சபையில் மன்னிப்பு கேட்டார். மொத்தம் இருநூறு பிரசுரங்கள் போல எழுதி, 1669ல் இறந்தார். கண்ணில் வெளிச்சம் படாமல் நீளமான குல்லா, மூணு மணிக்கு ஒரு தடவை வேலைக்காரன் கொண்டுவரும் ரொட்டியும் பீரும், இதுதான் அவர் எழுதுகிற லட்சணம் என்று ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். அச்சு லைசென்ஸ் சட்டம் காலாவதியானது 1695ல்தான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பாதிக்கு மேல் அந்தக் கடைக்காரர் தாமசனால்தான். 1640லிருந்து 1661 வரை, யார் பக்கம் என்று பார்க்காமல், வந்ததையெல்லாம் வாங்கினார். சுமார் 22,000 உருப்படிகள். அவரும் நடுநிலைச் சாமியார் கிடையாது. பிரெஸ்பிடீரியன் பக்கம் சாய்ந்தவர், 1651ல் ஒரு சதி வழக்கில் சில வாரம் உள்ளே இருந்தவர். ஆனால் எதிரியின் பிரசுரத்தையும் எடுத்து வைத்தார். கையால் ஒவ்வொன்றிலும் தேதி போட்டார். எங்க வேலையில் டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைலைப் பார்த்து அழுதவர்களுக்கு அதன் அருமை புரியும். இன்றைக்கு எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு முன்னால் வந்தது என்று சொல்ல முடிகிறதென்றால் அந்த மனுஷனின் பேனாவால். அரியோபஜிட்டிகாவின் அவர் பிரதியில் ஆசிரியர் கொடுத்தது என்ற குறிப்பும் நவம்பர் 24 என்ற தேதியும் இருக்கு. படைகள் நெருங்கும்போதெல்லாம் மூட்டை கட்டி வேறு வேறு ஊருக்கு அனுப்பி ஒளித்து வைத்தார். அவர் செத்து நூறு வருஷம் ஆகப்போகும்போது, 1761ல், மூன்றாம் ஜார்ஜுக்காக 300 பவுனுக்கு வாங்கினார்கள். இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

அவர் கட்சிவாரியாக அடுக்கவில்லை, தேதிவாரியாக அடுக்கினார். அதனால் பிரினும் லில்பர்னும் ஒரே அலமாரியில். அதில் ஒரு தொகுதியில் மட்டும் சேற்றுக் கறை. 1647ல் கைதியாக இருந்த முதலாம் சார்லஸ் ஏதோ ஒரு பிரசுரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஆள் அனுப்பினார். தாமசன் இரவல் கொடுத்தார். கொண்டுபோகும் வழியில் அது சேற்றில் விழுந்துவிட்டது. திரும்பி வந்ததும், இந்தக் கறை எப்படி வந்தது என்று தாமசன் அதிலும் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்.